முப்பத்தேழரையில் நின்ற போர்டு

பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஈயம் எந்தச் சூட்டில் உருக வேண்டும், சிப்பின் எந்தக் காலில் எந்த ரெசிஸ்டர், கிரிஸ்டலை எவ்வளவு நெருக்கமாக வைக்க வேண்டும். எல்லாம் நான் எழுதிய கையேட்டில் இருக்கிறது. நாற்பது பக்கம், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. படித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலையில் ஒன்பது வீட்டு முட்டைகளை நான் எப்படி வேகவைக்கப் பார்த்தேன் என்பது மட்டும் அதில் இல்லை.

உட்கார்ந்து நிதானமாக எழுதச் சொன்னார், உங்களுக்கு வகுப்பு எடுக்கும் ஸ்டெல்லா. என்னால் ஆகவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே, இடையில் நின்று நின்று எழுதுகிறேன். கீழே பேருந்து நிலையத்தில் சின்னசேலம் வண்டி இதோ கிளம்புகிறேன் என்று அரை மணி நேரமாக உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் ஆலைக்கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கு வருவதற்கு முன் முப்பது வருடங்களுக்கும் மேலாக ஒரு சர்க்கரை ஆலையில் கருவிகள் பிரிவில் இருந்தேன். அழுத்தமானி, வெப்பமானி, அவற்றைச் சோதிப்பது, சான்றிதழ் ஒட்டுவது, பதிவேட்டில் எழுதுவது. கொதிகலன் பகுதியில் ஒருவர் வேலை பார்த்தார். என் வயதுதான். பெயர் வேண்டாம். அவர் எந்த அழுத்தமானியைப் படித்தாலும் முதலில் அதன் கண்ணாடியை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். முள் லேசாக நடுங்கும். அதற்குப் பிறகுதான் எண்ணைக் குறிப்பார். எனக்கு அது பொறுக்காது.

"எதுக்குத் தட்டுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உசுரோட இருக்குதான்னு பாக்குறேன் சார்."

"பக்கத்துலயே சான்றிதழ் ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"அது போன மாசத்துது சார். நான் இப்ப நிக்கிறேன்."

பதில் சொல்ல முடியாத இடத்தில் அதிகாரி என்ன செய்வாரோ அதைச் செய்தேன். சுற்றறிக்கை அனுப்பினேன். கருவிகளின் கண்ணாடியைத் தட்டுவது விதிகளுக்குப் புறம்பானது, கண்ணாடி சேதமடைய வாய்ப்பு உண்டு, மீறினால் விளக்கம் கோரப்படும். அவர் அதைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், கொதிகலனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். பிறகு அழுத்தமானியை இரண்டு தட்டும் சுற்றறிக்கையை ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்றேன். வீட்டில் இருக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் இந்த மாடி அறையில் நானும் ஸ்டெல்லாவும் மையத்தைத் தொடங்கினோம். கடையில் விற்கும் ரெடிமேட் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு நம்மிடம் வருகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதையே வரிசையாகத் துளை போட்ட ஒரு டாட் போர்டில், ஒரு சிப், ஒரு கிரிஸ்டல், நாலைந்து சில்லறைச் சாமான்களோடு அவரவர் கையால் செய்துகொள்ளக் கற்றுத்தந்தோம். ஸ்டெல்லா வாரத்தில் ஆறு நாளும் வகுப்பு எடுத்தார். நான் ஆறு நாளும் குறை சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் எழுதுகிற நிரல் ஒன்றுதான்: ஒரு குட்டி எல்.இ.டி. ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைய வேண்டும். அது முதன்முறை சிமிட்டும்போது வகுப்பே கைதட்டும். எனக்கு எரிச்சல் வரும். பால்வாடிப் பாடம். ஆகவே கையேட்டில் ஒரு விதி எழுதினேன்: வேலைக்குப் போகும் போர்டில் பயிற்சிக்கான சிமிட்டல் வரிகளும் அந்த எல்.இ.டி.யும் நீக்கப்பட வேண்டும். தேவையில்லாத எதுவும் போர்டில் இருக்கக் கூடாது.

"சார், அது சிமிட்டிக்கினு இருந்தாதான் உள்ள நிரல் ஓடிக்கினு இருக்குன்னு தெரியும்" என்றார் ஸ்டெல்லா.

"திரையில எண் தெரியுதே, போதாதா?"

"எண்ணு தெரியும் சார். ஓடுதான்னு தெரியாது."

"அப்ப கையேட்டை நீங்களே எழுதிக்குங்க."

"எழுத வுட்டாதானே?"

விடவில்லை.

அலமேலு அடுத்த அணியில் வந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். ப்ளஸ் டூ வரை படித்திருந்தார். மற்றவர்கள் கதவைத் தானே திறக்கும் கருவி, செடிக்குத் தானே தண்ணீர் விடும் கருவி என்று இணையத்தில் பார்த்ததைக் கேட்டார்கள். இவர் ஒரே கேள்வியோடு வந்திருந்தார்.

"கோழி இல்லாம முட்டை பொரிக்கிற பொட்டி செய்யணும் சார். சூடு ஜாஸ்தியும் ஆவக்கூடாது, கம்மியும் ஆவக்கூடாது. அத இது பாத்துக்குமா?"

"பாத்துக்கும்" என்றேன்.

முதல் போர்டில் சிப்பைத் தலைகீழாகச் சொருகிப் புகைய விட்டார். இரண்டாவதில் கட்டை விரலைச் சுட்டுக்கொண்டார். மூன்றாவது வேலை செய்தது. ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மூடியில் காற்றுப் போக ஓர் ஓட்டை. சூடு முப்பத்தேழரை டிகிரிக்குக் கீழே போனால் போர்டு பல்பை ஏற்றும், மேலே போனால் அணைக்கும். எவ்வளவு என்று திரையில் காட்டும். சிமிட்டல் எல்.இ.டி.யை வைத்தே பற்றவைத்திருந்தார். கடைசி நாள் நான் அதைக் கழற்ற வைத்தேன். விதி விதிதான்.

அவர் ஊரில் கோழியை வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டு. ஒருவர் கோழியை இன்னொருவர் அடைவைத்து வளர்ப்பார். பொரிக்கிற குஞ்சில் பாதிக்குப் பாதி. அலமேலு அதே வழக்கத்தில், கோழிக்குப் பதில் பெட்டியை வைத்துக் கேட்டார். தன் வீட்டோடு சேர்த்து ஒன்பது வீடு, வீட்டுக்கு ஏழு முட்டை. யாருடையது என்று பின்னால் தகராறு வராமலிருக்க ஒவ்வொரு வீடும் தன் முட்டையில் கரியால் ஓர் அடையாளம் போட்டது. ஒரு வீட்டுக்குப் பெருக்கல் குறி, ஒரு வீட்டுக்கு வட்டம், ஒரு வீட்டுக்கு மூன்று கோடு.

முட்டை கொடுக்கும்போது அவருடைய கொழுந்தன் ஊரார் முன்னால் கேட்டிருக்கிறார்: "அண்ணி, இந்தப் பொட்டியில வச்சா குஞ்சு வருமா, ஆம்லெட்டு வருமா?"

அலமேலுவுக்கு ரோஷம். "குஞ்சு வரலன்னா வூட்டுக்கு ஒரு கோழி என் பட்டியிலேருந்து புடிச்சிக்கினு போங்க" என்று சொல்லிவிட்டார். அவரிடம் இருந்ததே எட்டுக் கோழி. கொடுக்க வேண்டிய வீடும் எட்டு.

பெட்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வரும். முப்பத்தேழு புள்ளி இரண்டு. முப்பத்தேழு புள்ளி எட்டு. நான் சுவரில் ஒட்டிய தாளில் குறித்துக்கொள்வேன். இருபத்தொரு நாள் ஒரு பெட்டிக்குள் ஒன்றும் நடக்காதது போல ஏதோ நடந்துகொண்டிருக்கும். அதை எண்ணாக மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது என்னைப் போன்ற ஆளுக்குத் தண்டனை. ஏழு மணிப் போனுக்கு ஆறு மணிக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு மையத்துக்கு வந்துவிடுவேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வீட்டிலிருந்தே பேசியிருக்கலாம்.

பத்தொன்பதாம் நாள் ஏழு மணிக்கு: "முப்பத்தேழரை சார்."

சரியாக முப்பத்தேழரை. இத்தனை நாளில் முதல் தடவை. பேனாவை மாற்றிச் சிவப்பில் குறித்தேன்.

எட்டரைக்கு மறுபடி போன். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"சார், பொட்டி சுடுற மாதிரி இருக்குது."

"திரையில என்ன காட்டுது?"

"முப்பத்தேழரைதான் காட்டுது. ஆனா மூடி ஓட்டையில கைய வச்சா காத்து சுடுது சார்."

"வெளியில குளிர். அதனால உள்ளேருந்து வர்ற காத்து அப்படித்தான் தெரியும். எண் சரியா இருக்குல்ல?"

"எண்ணு சரியாதான் இருக்குது."

"அப்ப சரி."

"நேத்து இதே நேரம் இதே குளிரு சார். இந்த மாதிரி இல்ல. தொறந்து ஒரு முட்டைய எடுத்துப் பாக்கட்டா?"

இங்கேதான் கவனிக்க வேண்டும் நீங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கிற ஈரம் போனால் ஓட்டுக்குள் தோல் காய்ந்து குஞ்சு உடைத்து வர முடியாமல் செத்துவிடும். இது உண்மை. நான் கற்பனை செய்தது இல்லை. அலமேலுவின் பெட்டிக்காகக் கையேட்டில் சேர்த்து, அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். தப்பான நேரத்தில் சொன்ன சரியான விதியைப் போல ஆபத்து வேறு இல்லை. அதைச் சொல்கிறவர் குரலில் நடுக்கமே இருக்காது.

"திறக்கவே கூடாது. போர்டு பாத்துக்கும். உங்க கையைவிட சென்சார் துல்லியம்" என்றேன்.

ஸ்டெல்லா போனுக்குக் குனிந்தார். "அலமேலுக்கா, அந்த எண்ணு கடைசியா எப்ப மாறுச்சு?"

"காலையில கரண்டு போயி வந்துச்சு மிஸ். வந்ததுலேருந்து இதேதான். அசையல."

"எத்தன மணிக்கு?"

"ஆறே முக்கால் இருக்கும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று சொல்கிறேன், ஒப்புக்கொண்டேன் என்று சொல்லவில்லை. மின்சாரம் தடுமாறி வந்த நொடியில் சிப் பாதி வழியில் உறைந்து நின்றிருக்கிறது. நிற்பதற்கு முன் பல்பை ஏற்று என்று சொல்லியிருந்தது. பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. திரையில் இருப்பது கடைசியாக எழுதிய எண். அளந்த எண் இல்லை. ஆறே முக்காலிலிருந்து எட்டரை.

புரிந்த மனிதர் என்ன சொல்ல வேண்டும்? "பிளக்கைப் பிடுங்கு." இரண்டே சொல். நான் சொன்னது இது: "பதற வேண்டாம். முதல்ல சப்ளை வோல்டேஜைப் பார்க்கணும். மல்டிமீட்டர் இருக்கா? ரெண்டாவது, சென்சார் இணைப்பு தளர்ந்திருக்கான்னு..." பழுது கண்டறியும் முறை, பக்கம் முப்பத்துமூன்று, பதினோரு படிகள். நான் இரண்டாவதில் இருந்தேன்.

"சார், நான் இப்ப தொறக்கட்டா வாணாவா?"

"முதல்ல காரணத்தைக் கண்டுபிடிக்கணும், இல்லன்னா..."

"ஒம்பது வூட்டு முட்டை சார்."

அதற்குப் பிறகு போனில் குரல் இல்லை. போனைத் தரையில் வைத்துவிட்டிருக்கிறார். தெர்மோகோல் மூடி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நான் இங்கிருந்து "திறக்காதீங்க, கேக்குதா, அலமேலு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். காரணம் தெரிந்த பிறகும் கத்தினேன். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குரல் திரும்பி வந்தது. "ஒரு முட்டைய எடுத்துக் கண்ணு ரப்பையில வச்சுப் பாத்தேன் சார். சுடுது. பல்ப புடுங்கிட்டேன். வெதுவெதுன்னு தண்ணி தெளிச்சு மூடப் போறேன். போன வைக்கிறேன்."

ஒன்பது மணி வண்டியைப் பிடித்தோம். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேறியது. நான் இருக்கையில் உட்காரவில்லை. படியருகே நின்றுகொண்டு வந்தேன். "சார், நீங்க நின்னா வண்டி சீக்கிரம் போவுமா?" என்றார் நடத்துநர். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. குளிர் ஏற ஏற ஒரு சின்ன ஆறுதல். அந்தக் குளிரில் ஒற்றை பல்பு அந்தப் பெரிய பெட்டியைச் சூடாக்க நேரம் பிடித்திருக்கும்.

வீட்டுக்குள் நாலைந்து பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுவிட்ச் ஒருத்தி கையில். மூடி ஓட்டையில் கை வைப்பது இன்னொருத்தி. கிராமச் செவிலியரிடம் கடன் வாங்கிய காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை அந்த ஓட்டையில் நூல் கட்டித் தொங்க விட்டிருந்தார்கள்; எண் பார்த்ததும் உதறி மறுபடி இறக்கினார்கள். "போடு" என்றால் பல்பு எரியும், "அமத்து" என்றால் அணையும். இருபத்தொன்றாம் நாள் வரை முறை வைத்துப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

என் போர்டு பெட்டியிலிருந்து கழற்றப்பட்டு ஜன்னல் மேடையில் கிடந்தது. அதற்கு மட்டும் மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சென்சார் ஒயர் ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. மலைக்காற்று அதை ஆட்டிக்கொண்டிருந்தது. என் சட்டைக்குள் குளிர் இறங்கியது.

திரை சொன்னது: 37.5.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விரல் நகத்தால் அந்தத் திரையை இரண்டு தட்டுத் தட்டினேன். எண் அசையவில்லை. ஸ்டெல்லா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆலைக்கதை அவருக்குத் தெரியும், நானே ஜம்பமாகச் சொன்னதுதான். பையிலிருந்து சால்டரிங் அயனை எடுத்துச் சூடாக வைத்தார். பத்து நிமிடத்தில் பழைய இடத்தில் எல்.இ.டி. வந்து உட்கார்ந்தது. மடிக்கணினியிலிருந்து சிமிட்டல் வரிகளையும் ஏற்றி மறுபடி ஓடவிட்டபோது சிமிட்டியது.

"மாட்டிடலாமா?" என்றேன் அலமேலுவிடம்.

"இந்த ரெண்டு நாளைக்கு வாணாம் சார். பொரிச்சப்புறம் மாட்டுங்க. இப்ப நீங்களும் ஒரு மொற கைய வைங்க."

உள்ளங்கையை வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"உள்ளங்கை வாணாம் சார், அது காச்சுப் போயிருக்கும். பொறங்கைய வைங்க."

புறங்கையை வைத்தேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக, ஈரமாகக் காற்று வந்தது. முப்பது வருடம் வெப்பநிலை எழுதியவன் அன்றுதான் ஒரு வெப்பநிலையைத் தொட்டேன்.

இருபத்தொன்றாம் நாள் மறுபடி போனோம். அறுபத்துமூன்றில் நாற்பத்தொன்று பொரித்தது. பல்புக்கு நேர் கீழே இருந்தவை அதிகம் போயிருந்தன. பெருக்கல் குறி போட்ட ஏழில் ஒன்றுகூட வரவில்லை. அந்தக் குறி கொழுந்தன் வீட்டுடையது. வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அலமேலு பட்டிக்குப் போய் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினார். முகம் இறுகியிருந்தது.

அவர் கோழியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வாய் ஓயாமல் கத்துகிற குஞ்சுகளைப் பார்த்தார்.

"கோழி வாணாம் அண்ணி. அடுத்த தபா என் முட்டைய பல்புக்குத் தூரமா வை."

"இப்ப இன்னா, ஆம்லெட்டு இல்லியா?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். அவரும் சிரித்துவிட்டார். அலமேலு கோழியைக் கீழே விட்டார். அது பட்டிக்கு ஓடிய வேகத்தில் அதற்கும் விஷயம் தெரிந்திருந்தது போலிருந்தது.

சிப் உறைந்தால் தானே விழித்துக்கொள்ள வழி இருக்கிறது, மின்சாரத் தடுமாற்றத்தைத் தாங்க வழி இருக்கிறது. எல்லாவற்றையும் இப்போது கையேட்டில் சேர்த்துவிட்டேன். சிமிட்டல் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. எல்லாப் பெட்டியிலும் போர்டைத் தாண்டி பல்பைக் கையால் போட, அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. போனில் யாராவது கூப்பிட்டால் என்ன காட்டுகிறது என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது மாறியது என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், அழைத்தவர் கை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இவையெல்லாம் நீங்கள் படித்தாலே வந்துவிடும்.

படித்து வராதது ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குஞ்சு பொரித்த அன்று மாலை அலமேலு எங்களோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். தூரத்தில் வண்டி வளைவு திரும்பும் சத்தம் கேட்டதும் சொன்னார்:

"சார், ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி உங்க பேச்ச கேட்டு நான் தொறக்காம இருந்து, எல்லாம் செத்துப் போயிருந்தா, அந்தப் படிவத்துல இன்னான்னு எழுதியிருப்பீங்க?"

வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். அன்று மட்டும் இருக்கை கிடைத்ததும் உட்கார்ந்தேன், கீழே வந்து சேரும் வரை எழுந்திருக்கவில்லை.

அவர் கேட்ட படிவம் கையேட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. பயிற்சியில் எல்லாரையும் ஒரு முறை நிரப்ப வைப்போம், அவரும் நிரப்பியிருக்கிறார். 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதில் நான் வரிசைப்படுத்தியிருந்த காரணங்களில் முதலாவது: பயன்படுத்துபவரின் கவனக்குறைவு. அங்கேதான் டிக் அடித்திருப்பேன். மனசாட்சி உறுத்தாமல், நல்ல கையெழுத்தில், தேதி போட்டு. எட்டுக் கோழியும் எட்டு வீட்டுக்குப் போயிருக்கும். அலமேலுவுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

உங்கள் பிரதிகளில் அந்த வரி பேனாவால் அடிக்கப்பட்டிருக்கும். அசிங்கமாக இருக்கிறது, புதிதாக அச்சடித்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன். அடியில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் படிக்க முடிய வேண்டும்.